ஒன்பது மில்லிமீட்டர்

குண்டு விழுந்தால் ஒதுங்கவென்று
சட்டப்படி கட்டிக்கொடுத்த அறையிலிருந்து
அரிசி மூட்டையையும் மடக்குக் கட்டிலையும் வெளியேற்றிவிட்டு
ஒரு ரயில் பாதையைக் குடிவைத்தேன்.
இரும்புக் கதவை இப்போது சாத்த முடியாது.
ஜூரோங் முனை அரைச்சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூடிய கிளைப்பாதை.
சரக்கு போனது; இன்று
நாய்களும் சைக்கிள்களும் போகின்றன.
கிளமெண்டி சாலைக்கடியில் சுரங்கம் இருக்கிறது,
கால்வாய்மேல் இரும்புப் பாலம் இருக்கிறது,
வரவேண்டியது வரவில்லை.

எதிர் மேசை ஃபெர்கலின் விதி:
மூடிய பாதையை ஓடவிட
ஒரே ஒரு பொய் சொல்லலாம்.
பிறகு எல்லாமே அந்தப் பொய்க்கு உண்மையாக இருக்கவேண்டும்.
அயர்லாந்தின் மேற்குக் கரையில்
மூன்றடி அகலப் பாதை அவனுடையது.
அவன் பிறக்குமுன்பே பெயர்த்து விற்றுவிட்டார்கள்.
அவன் சொன்ன பொய்:
அந்த வருஷம் மீன் பொய்க்கவில்லை.
அவ்வளவுதான்.
மீன் வந்தால் ஐஸ், ஐஸுக்குப் பெட்டி, பெட்டிக்கு எஞ்சின்,
எஞ்சின் ஓட்டுகிறவனுக்குப் பிள்ளைகள்,
ஆகவே பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு நிறுத்தம்.

என் பொய் டெங்கி.
கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி
மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தார்,
கோப்பு அலமாரிக்குப் பின்னால் விழுந்தது.
“அது இரண்டு பொய்” என்றான் ஃபெர்கல்.
கோப்பை எடுத்து மேசையிலேயே வைத்தேன்.
காய்ச்சலை ஒரு வாரம் கூட்டினேன்.

அதற்குப் பிறகு நேர்மையாகத்தான் நடந்தேன்.
அந்த நாலு வார இடைவெளியில் யாரோ கேட்டார்கள்:
இதில் ஆள் ஏற்றினால் என்ன?
முதல் வண்டி காலை ஐந்து நாற்பத்திரண்டு.
கப்பல் பட்டறைக்குப் போகிறவர்கள்,
பரமக்குடி, சில்ஹெட், பேராவூரணி.
லாரியின் பின்தட்டில் இல்லை,
இருக்கையில்.
தலை சாய்க்க ஜன்னல் உண்டு.
ஐம்பத்திரண்டு பேருக்கும் சட்டை பூசினேன்,
மடியில் சோற்றுப் பொட்டலம் வைத்தேன்,
குருணையில் பாதி அளவு.
மூன்று பேரை மட்டும்
கண் திறந்தபடி வரைந்தேன்.

மூன்றாம் மாதம் சிக்கல்.
பழைய வரைபடத்தை அளந்தால்
பாதை எங்கள் புளோக்கின் அடிவயிற்றில் புகுந்து போகிறது.
அது பிழைத்திருந்தால் இது எழும்பியிருக்காது.
மின்தூக்கி பழுதான ராத்திரி
என் தையல் மிஷினைப் பதினோராம் மாடிவரை சுமந்துவந்த
பக்கத்து வீட்டுச் சூசைநாதனை
நான் எங்கே பார்த்திருப்பேன்?
அட்டையில் புளோக் செய்தேன்.
வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.
சூசை எட்டிப்பார்த்து
“ரசம் ஆறுது” என்றான்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது
ஃபெர்கல் தன் பச்சை ரயில்பெட்டியை
என்னிடம் விட்டுப்போனான்.
என் வண்டிகளுக்கு அது இருமடங்கு.
ஆனால் சக்கரத்துக்குச் சக்கரம் ஒரே இடைவெளி,
ஒன்பது மில்லிமீட்டர்.
அவன் மூன்றடிக்கு அது குறுகல்,
நம் மீட்டர் பாதைக்கு அகலம்.
இதை நாங்கள் பொய்க்கணக்கில் சேர்க்கவில்லை.
யார் தண்டவாளத்தில் படுத்து அளக்கப்போகிறார்கள்?

நேற்று ஆணிகளைப் பிடுங்கிப்
பாதையை வளைத்தேன்.
வீட்டுக்காக ரயில் ஒதுங்கியது என்பது
இரண்டாவது பொய், தெரியும்.
அபராதமாக வேகத்தடை போட்டேன்,
மணிக்குப் பத்து.
ஐந்து நாற்பத்திரண்டு இப்போது ஆறு நிமிடம் தாமதம்.
விழித்திருக்கும் அந்த மூவரும்
எங்கள் சமையலறை விளக்கைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

பச்சை வண்டியையும் விட்டுப்பார்த்தேன்.
வளைவில் அது இரண்டாம் மாடித் தாழ்வாரத்தை உரசுகிறது.
அட்டைக் கட்டடம் லேசாக ஆடுகிறது.
சுற்றுக்கு ஒருமுறை.
இன்னும் விழவில்லை.